பதினாலு நிமிஷம்: ஆங்கிலப் பேச்சுத் தேர்வு வந்த கதை

(அத்தியாயத்தின் ஒலிப்பதிவிலிருந்து, படிக்க வசதியாகச் சுருக்கித் தொகுக்கப்பட்டது.)



இந்த வாரக் கதை எங்க வீட்டுச் சமையலறையில ஆரம்பிச்சது. சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் என் பெரியம்மா பொண்ணு, இந்தப் பக்கம் நான். நடுவுல என் போன், ஸ்டாப்வாட்ச் ஓடிக்கிட்டு இருக்கு. நான்தான் எக்ஸாமினர். முகத்தை உர்ருன்னு வெச்சுக்கணும்னு அக்காவோட உத்தரவு.

அக்கா நர்ஸ். ஒன்பது வருஷமா சென்னையில ஒரு மருத்துவமனையில ஐசியூ வேலை. இங்கிலாந்து போக முயற்சி பண்றாங்க. அங்கே நர்ஸாகப் பதிவு செய்யணும்னா ஐஇஎல்டிஎஸ் தேர்வில் பேச்சுப் பகுதியில் 7 வேணும். அக்காவுக்குக் கிடைச்சது 6.5. அந்த அரைப் புள்ளிக்காக மறுபடியும் பணம் கட்டி, நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து என் எதிர்ல உட்கார்ந்திருந்தாங்க.

முதல் தடவை என்ன நடந்ததுன்னு கேட்டேன். சொன்னாங்க: "டேய், அந்த அம்மா மூஞ்சியில ஒரு சிரிப்பு இல்லடா. நான் நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தேன். பாதியிலேயே 'தேங்க் யூ'ன்னு நிறுத்திட்டாங்க. என்னைப் பிடிக்கலைன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

அந்தக் கடைசி வரி மனசுல மாட்டிக்கிச்சு. ஒன்பது வருஷமா டாக்டர்களிடம் ஆங்கிலத்தில் நோயாளி நிலைமையை ஒப்படைக்கிற ஒருத்தர், 14 நிமிஷத்துக்குள்ள "என்னைப் பிடிக்கலை"ன்னு நினைச்சுக்கிட்டு வெளிய வர்றாங்க. அந்த அறை ஏன் அப்படி இருக்கு? ஒருத்தர் பேச்சை இன்னொருத்தர் கேட்டு நம்பர் போடலாம்னு யார் முதல்ல முடிவு பண்ணினாங்க? தேட ஆரம்பிச்சேன். கதை நான் நினைச்சதைவிடப் பழசு. கொஞ்சம் இருட்டாவும் இருந்தது.

ஒரு சொல், ஒரு உயிர்

மொழித் தேர்வு வரலாற்றை எழுதுகிறவர்கள் பலரும் ஒரே இடத்தில் தொடங்குகிறார்கள். பைபிள், நியாயாதிபதிகள் புத்தகம், 12ஆம் அதிகாரம். கிலேயாத்தியருக்கும் எப்பிராயீமருக்கும் சண்டை. தோற்ற எப்பிராயீமர்கள் யோர்தான் ஆற்றைக் கடந்து தப்பிக்கப் பார்க்கிறார்கள். ஆற்றுத் துறையில் காவல். வர்றவரிடம் ஒரே ஒரு சொல்லைச் சொல்லச் சொல்றாங்க: ஷிபோலேத். எப்பிராயீமர் வாயில் 'ஷ' வராது, 'சிபோலேத்'னு வரும். வந்தால் அங்கேயே கொலை. இப்படி 42,000 பேர் இறந்ததாக அந்த அதிகாரம் சொல்கிறது.

பழங்கதைன்னு தள்ளிவிட முடியாது. 1937இல் டொமினிக்கன் குடியரசில் ஹெய்ட்டிக்காரர்களைக் கொன்று குவித்தபோது, ஒரு கொத்து பார்ஸ்லி கீரையைக் காட்டி "இதன் பேர் என்ன?"ன்னு ஸ்பானிஷில் கேட்டதாகச் சொல்லப்படுகிறது. 'ர' உருளுதான்னு பார்க்க. 1983 ஜூலையில் கொழும்பில், ஒரு வாளியைக் காட்டி அதன் சிங்களப் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். 'பால்திய' என்ற அந்தச் சொல்லின் முதல் எழுத்து, 'பஸ்'ஸில் வருகிற அழுத்தமான 'ப'. தமிழ் வாயில் அது 'வ'வாக மாறினால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். மொழித் தேர்வு பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்களின் புத்தகங்களிலேயே இது ஷிபோலேத்துக்குப் பக்கத்தில் உதாரணமாக நிற்கிறது.

இதை எதுக்குச் சொல்றேன்னா, இங்கே கேட்கப்படுகிற கேள்வி "உனக்கு மொழி தெரியுமா?" என்பது கிடையாது. "நீ யார்?" என்பதுதான் கேள்வி. பேச்சு அதற்கு ஒரு சாக்கு.

சட்டம் போட்டே இதைச் செய்த நாடும் உண்டு. ஆஸ்திரேலியா 1901இல் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. வந்து இறங்குகிறவருக்கு 50 சொல் அளவுள்ள ஒரு பத்தியை அதிகாரி வாசிப்பார். அதைக் கேட்டு எழுத வேண்டும். எந்த மொழியில்? ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில். எந்த மொழி என்பதை அதிகாரியே தேர்ந்தெடுப்பார். வேண்டாத ஆள் என்றால் அவருக்குத் தெரியாத மொழியை எடுத்தால் போதும். ஆசியர்களையும் ஆப்பிரிக்கர்களையும் நிறத்தைச் சொல்லாமலே திருப்பி அனுப்ப அது வசதியாக இருந்தது.

இதன் உச்சம் 1934. எகான் கிஷ் என்ற பிராக் நகரத்து எழுத்தாளர், நாஜிகளை எதிர்த்துப் பேசுவதற்காக ஆஸ்திரேலியாவுக்கு வந்தார். அரசுக்கு அவர் வேண்டாம். ஆனால் மனிதருக்குப் பல ஐரோப்பிய மொழிகள் தெரியும். அதனால் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் டிக்டேஷன் கொடுத்தார்கள். அவர் தோற்றார். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. கேலிக் அந்தச் சட்டம் சொல்கிற அர்த்தத்தில் ஐரோப்பிய மொழி ஆகாது என்று நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த டிக்டேஷன் தேர்வு 1958இல்தான் ஒழிந்தது.

இது மனசுல இருக்கட்டும். கடைசியில இதுக்குத் திரும்பி வருவோம்.

1913: மூணு பேர், மூணு பேரும் ஃபெயில்

இன்னைக்கு நாம எழுதுற ஆங்கிலத் தேர்வுகளோட கொள்ளுப்பாட்டி ஒன்று உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தேர்வுக் குழு 1913இல் ஆரம்பித்த 'ஆங்கிலப் புலமைச் சான்றிதழ்'. வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்க விரும்பும் வெளிநாட்டவருக்காக வந்த தேர்வு அது.

அந்த முதல் தேர்வின் பட்டியலைக் கேளுங்க. ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சு அல்லது ஜெர்மனுக்கு மொழிபெயர்ப்பு, 2 மணி நேரம். அங்கிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பும் இலக்கணமும், 2½ மணி. கட்டுரை 2 மணி. இலக்கியம் 3 மணி. ஒலியியல் 1½ மணி. அப்புறம் வாய்மொழிப் பகுதி: டிக்டேஷன் அரை மணி, வாசிப்பும் உரையாடலும் அரை மணி. கூட்டினால் 12 மணி நேரம். கட்டுரைக்குக் கொடுத்த தலைப்புகளில் ஒன்று 1857 சிப்பாய்க் கலகம். ஒரு பிரெஞ்சுக்காரரோ ஜெர்மானியரோ உட்கார்ந்து அதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதணும்.

எத்தனை பேர் எழுதினாங்க? மூணு பேர். எத்தனை பேர் பாஸ்? ஒருத்தரும் இல்லை.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் அந்த ஒலியியல் தாள். எழுத்தில் உச்சரிப்பைப் பற்றிக் கேள்வி கேட்டு 1½ மணி நேரத் தேர்வு! அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் ஒலியியல் என்றால் ஒரு பெரிய மோகம். அதே 1913 அக்டோபரில்தான் பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகம் வியன்னாவில் முதன்முதலாக மேடையேறியது. பூ விற்கும் பெண்ணின் உச்சரிப்பை மாற்றிச் சீமாட்டியாக்கிக் காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டும் பேராசிரியர் ஹிக்கின்ஸ் கதை. பிற்பாடு 'மை ஃபேர் லேடி' ஆனது அதுதான். ஹிக்கின்ஸிடம் ஹென்றி ஸ்வீட் என்ற நிஜ ஒலியியல் அறிஞரின் சாயல் உண்டு என்று ஷாவே முன்னுரையில் எழுதியிருக்கிறார். உச்சரிப்பை வைத்து ஆளை எடைபோடுகிற அந்தக் காலத்தில்தான் நம்ம தேர்வு பிறந்தது. உடம்புல அந்த ரத்தம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.

ரொம்ப நாள் இந்தத் தேர்வுக்கு ஆளே இல்லை. 1920களின் கடைசியிலும் ஒரு வகுப்பறையை நிரப்பக் கூட்டம் கிடையாது. கேம்பிரிட்ஜ் தேர்வுக் குழுவில் உதவிச் செயலராக இருந்த ஜாக் ரோச்தான் அதைக் காப்பாற்றினார். 1932இல் ஒலியியல் தாள் போனது. 1939இல் இன்னும் எளிதான கீழ்நிலைத் தேர்வு ஒன்று வந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனில் ஒதுங்கிய வெளிநாட்டுப் படைவீரர்களும் அகதிகளும் எழுதினார்கள்.

ரோச்சுக்கு ஒரு உறுத்தல் இருந்தது. எழுத்துத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். இன்னொருத்தர் மறுபடி திருத்தலாம். பேச்சு? காத்துல போயிடும். ஒரே ஆளை லண்டனில் ஒருவரும் வேறு ஊரில் இன்னொருவரும் கேட்டால் ஒரே மதிப்பெண் போடுவார்களா? வாய்மொழித் தேர்வின் சிக்கல்களைப் பற்றி 1945இல் அவர் ஒரு அறிக்கையே எழுதினார். இந்தக் கேள்விதான் அடுத்த ஐம்பது வருஷத்தையும் ஆட்டிவைத்தது.

அமெரிக்காவின் வழி: வாயை மூடு

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் போவோம். அமெரிக்கா 1924இல் குடியேற்றத்துக்குக் கடுமையான கோட்டா போட்டது. மாணவர்களுக்கு மட்டும் கோட்டா இல்லை. உடனே சந்தேகம் வந்தது: மாணவர்னு சொல்லிக்கிட்டு வேறு யாராவது உள்ளே வந்துட்டா? அதைத் தொட்டே 1930இல் கல்லூரி நுழைவுத் தேர்வு வாரியம் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஓர் ஆங்கிலத் தேர்வு வைத்தது. அதில் பேச்சும் இருந்தது. பொருளாதாரப் பெருவீழ்ச்சியில் எழுத வந்தவர்கள் குறைந்தார்கள், சில வருஷத்தில் நின்றுபோனது. மாணவர் விசா, ஆங்கிலத் தேர்வு, சந்தேகம்: இந்த மூணும் அப்பவே ஒண்ணாப் பிறந்ததைக் கவனிங்க.

அப்புறம் 1950கள். அமெரிக்க அரசு தன் சொந்த ஊழியர்களைத் திரும்பிப் பார்த்தது. உலகம் பூரா தூதரகம் இருக்கு. அந்தந்த நாட்டு மொழி எத்தனை பேருக்குத் தெரியும்? யாரிடமும் கணக்கு இல்லை. "நல்லாப் பேசுவேன்"னு அவங்களே ஃபார்மில் எழுதிக்கொடுத்ததுதான் ஆதாரம். நம்ம ரெஸ்யூமேல 'ஃப்ளூயண்ட்'னு போடுற மாதிரி.

அதற்காக வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் ஒரு நேர்காணல் முறையை உருவாக்கியது. 0 முதல் 5 வரை ஓர் அளவுகோல். 0 என்றால் ஒன்றும் தெரியாது, 5 என்றால் படித்த தாய்மொழிக்காரர் போல. தேர்வாளர் எதிரே உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார். எளிதில் ஆரம்பித்து மெல்ல மெல்லக் கடினமாக்குவார். எங்கே தடுமாறுகிறீர்களோ அதுதான் உங்கள் எல்லை. இன்றைக்கு நாம் பார்க்கிற பேச்சுத் தேர்வுகள் பலவற்றின் எலும்புக்கூடு இதுதான்.

அவர்கள் பயன்படுத்திய மதிப்பெண் அட்டவணையில் ஒரு தகவல் எனக்கு ஆச்சரியமா இருந்தது. உச்சரிப்புச் சாயல், இலக்கணம், சொல்வளம், சரளம், புரிதல் என ஐந்து தலைப்பு. இலக்கணத்துக்கு அதிகபட்சம் 36 புள்ளி. உச்சரிப்புச் சாயலுக்கு? வெறும் 4. ஹிக்கின்ஸ் பார்த்திருந்தால் கோபப்பட்டிருப்பார்.

ஆனா தூதரக அதிகாரிகளை உட்கார வைத்துப் பேசுவது வேறு, உலகம் முழுக்க இருந்து வருகிற ஆயிரக்கணக்கான மாணவர்களிடம் பேசுவது வேறு. 1964இல் டோஃபல் தேர்வு வந்தபோது அதில் பேச்சுப் பகுதியே இல்லை. எத்தனை ஊரில் எத்தனை தேர்வாளர்களை வைப்பது, எல்லாரையும் ஒரே மாதிரி எப்படிப் பழக்குவது, செலவு யார் தருவது? நான்கில் ஒரு விடையைத் தேர்ந்தெடுக்கிற கேள்வித்தாள் அந்தத் தலைவலி எல்லாத்தையும் தீர்த்தது. ஒரு வார்த்தை பேசாமலே ஆங்கிலத்தில் தேறிவிடலாம்.

விளைவு என்னாச்சு தெரியுமா? அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இளநிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுக்க வந்த வெளிநாட்டு ஆராய்ச்சி மாணவர்கள் பலர் கணக்கில் புலி, டோஃபலிலும் நல்ல மதிப்பெண். ஆனா அவங்க பேசுறது புரியலைன்னு மாணவர்களும் பெற்றோரும் புகார் பண்ணினாங்க. 1980களில் பல மாநிலங்கள் ஆசிரியர்களின் பேச்சு ஆங்கிலத்தைச் சோதிக்கச் சட்டமே போட்டன. அதே காலத்தில்தான் பேச்சுக்கென்று தனித் தேர்வு வந்தது. டேப்பில் கேள்வி ஒலிக்கும், பதிலும் டேப்பில் பதிவாகும். டோஃபலில் எல்லாரும் பேசியே ஆகணும்னு ஆனது 2005இல்தான். அதுவும் மனுஷர் எதிரில் கிடையாது, ஹெட்போன் மாட்டிக்கிட்டு மைக்கில். அப்போதைய முறைப்படி, கேள்வி வந்ததும் 15 விநாடி யோசிக்கணும், 45 விநாடி பேசணும்னு இருந்தது.

இந்த இடத்துல நம்ம பள்ளிக்கூடத்தையும் நினைச்சேன். பன்னிரண்டு வருஷம் ஆங்கிலம் படிச்சேன். பொதுத்தேர்வில் ஒருத்தரும் என்னை ஆங்கிலத்தில் பேசச் சொன்னதில்லை. அக்காவும் அதே கதைதான். பேச்சுக்கு யாரோ நம்பர் போடுற முதல் அனுபவமே அவங்களுக்கு முப்பது வயசுக்கு மேல, அதுவும் வேலை தொங்கிக்கிட்டு இருக்கிற தேர்வில்.

சிரிக்காத எக்ஸாமினர் எங்கிருந்து வந்தார்?

இப்ப அக்காவோட எக்ஸாமினருக்கு வருவோம்.

1980இல் பிரிட்டிஷ் கவுன்சிலும் கேம்பிரிட்ஜும் சேர்ந்து ஒரு புதுத் தேர்வு ஆரம்பித்தன. அதில் நேர்காணல் இருந்தது. 1989இல் ஆஸ்திரேலியர்களும் சேர, அது ஐஇஎல்டிஎஸ் ஆனது. ஆரம்பத்தில் தேர்வாளருக்கு ஓரளவு சுதந்திரம் இருந்தது. பொதுவான வழிகாட்டுதல் உண்டு. ஆனா எப்படிக் கேட்பது, எங்கே தலையாட்டுவது, எங்கே எடுத்துக்கொடுப்பது எல்லாம் அவரவர் பாணி.

கேட்க நல்லாத்தானே இருக்கு? இங்கேதான் சிக்கல். ஆனி பிரவுன் என்ற ஆய்வாளர் 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அந்தப் பழைய வடிவத்தில் நடந்த நேர்காணல்களை எடுத்துக்கொண்டார். ஒரே மாணவி, இரண்டு தேர்வாளர்கள். முதல் தேர்வாளர் தெளிவாகக் கேள்வி கேட்கிறார், ஒரே விஷயத்தில் நின்று அடுத்தடுத்துத் தோண்டுகிறார், கேட்பதில் ஆர்வம் காட்டுகிறார். மாணவி நன்றாகப் பேசுகிறாள். இரண்டாமவர் நட்பாக, சாவகாசமாக அரட்டை அடிக்கிறார். கேள்வியாகக் கேட்காமல் ஏதோ சொல்லிவிட்டு நிறுத்துகிறார். அது தன்னைப் பேசச் சொல்கிற இடம் என்று மாணவிக்குப் புரியவில்லை. மௌனம். பதிவுகளைக் கேட்டு மதிப்பிட்டவர்கள் இரண்டு நேர்காணலுக்கும் வேறு வேறு அபிப்பிராயம் சொன்னார்கள். முதலாவதில் அவள் நன்றாக உரையாடுகிறவள். இரண்டாவதில் பேசத் தயங்குகிறவள்.

ஒரே பொண்ணு, ஒரே ஆங்கிலம். யோசிச்சுப் பாருங்க, சிரிச்சுப் பேசின எக்ஸாமினர்தான் அவளுக்குக் கெடுதல் பண்ணியிருக்கார்.

தேர்வாளருக்குத் தேர்வாளர் இப்படி மாறுது என்ற கவலை 1990களிலேயே பலமாக எழுந்தது. அதன் பலன்தான் 2001 ஜூலையில் வந்த மாற்றம். இன்றைக்கு நாம் பார்க்கிற வடிவம் அது: மூன்று பகுதி, மொத்தம் 11 முதல் 14 நிமிஷம். முதல் பகுதியில் வீடு, வேலை, ஊர் மாதிரிப் பழகின விஷயங்கள், 4–5 நிமிஷம். இரண்டாவதில் கையில் ஒரு அட்டை. ஒரு நிமிஷம் குறிப்பெடுக்கலாம், இரண்டு நிமிஷம் வரை தனியாகப் பேசணும். மூன்றாவதில் அந்தத் தலைப்பை ஒட்டிய பெரிய விவாதம், 4–5 நிமிஷம். மொத்தமும் ஒலிப்பதிவாகும்.

முக்கியமான மாற்றம், தேர்வாளர் கையிலும் ஒரு ஸ்கிரிப்ட். முதல் இரண்டு பகுதியில் அவர் தாளில் இருக்கிற வார்த்தைகளைத்தான் சொல்ல முடியும். நேரம் ஆனால் நிறுத்தியே ஆகணும். மூன்றாவது பகுதியில்தான் கொஞ்சம் இடம் உண்டு.

இதைப் படிச்ச உடனே அக்காவுக்குப் போன் பண்ணினேன். "அக்கா, அந்த அம்மா உன்னைப் பிடிக்காம நிறுத்தல. ரெண்டு நிமிஷம் ஆச்சு, அதான். நீ நல்லாப் பேசினதாலதான் ரெண்டு நிமிஷமும் ஓடியிருக்கு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "இதை யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"ன்னாங்க. அன்னைக்கு நடுவில் நிறுத்தின உடனே மனசு உடைஞ்சுபோய், மூன்றாவது பகுதியில் ஒத்தை வரி பதிலா சொன்னாங்களாம். அந்த அரைப் புள்ளி எங்கே போச்சுன்னு எங்களுக்கு நிச்சயமாத் தெரியாது. ஆனா எனக்கு அங்கேதான் சந்தேகம்.

மனப்பாடத்துக்கும் ஒரு வரலாறு

அக்கா போன பயிற்சி மையத்தில் கட்டுக்கட்டாக நோட்ஸ் கொடுத்திருந்தாங்க. 'நீங்கள் பார்த்த ஓர் அருங்காட்சியகம்' தலைப்புக்கு ஒரு பக்கப் பதில், 'பிளெதோரா' மாதிரிச் சொற்களோட. அக்கா வாழ்க்கையில் பார்த்தது எழும்பூர் மியூசியம் ஒண்ணுதான், அதுவும் ஸ்கூல் டூர்ல. நோட்ஸில் இருந்ததோ பாரிஸ்.

இதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். எழுத்துத் தேர்வுக்கு நாம பழகின வழி இது. மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கியே வளர்ந்தவங்க நாம. ஆனா பேச்சுத் தேர்வின் மதிப்பெண் வேற இடத்துல இருக்கு. ஐஇஎல்டிஎஸ்ஸில் நாலு தலைப்பு, நாலுக்கும் சம எடை: சரளமும் கோர்வையும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. சரளம்னா வேகம் இல்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கோர்வையாகப் போறது. உச்சரிப்பிலும் கேள்வி, கேட்கிறவருக்குச் சிரமமில்லாமல் புரியுதா என்பதுதான். பிபிசி மாதிரி பேசணும்னு எந்த விதியும் இல்லை. தமிழ் வாடை அடிக்கிற ஆங்கிலத்திலேயே உயர்ந்த பேண்ட் வாங்கலாம். மனப்பாடப் பதிலைக் கண்டுபிடிக்கத் தேர்வாளர்களுக்குப் பயிற்சியே உண்டு. தயங்கித் தயங்கிப் பேசினவர் திடீர்னு ஒரே மூச்சில் பாரிஸ் பற்றி ஒப்பித்தால் யாருக்கும் தெரியும்.

நானும் அக்காவும் பாரிஸைத் தூக்கிப் போட்டோம். எழும்பூர் டைனோசரைப் பற்றிப் பேசினாங்க. ஒண்ணே முக்கால் நிமிஷம் ஓடுச்சு. நடுவில் அவங்களே சிரிச்சுட்டாங்க.

மறுபடியும் ஆற்றங்கரை

கதையை இங்கேயே முடிச்சிருந்தா நல்லாயிருக்கும். ஸ்கிரிப்ட் வந்தது, நியாயம் வந்தது, சுபம். ஆனா இல்லை.

2014 பிப்ரவரியில் பிபிசியின் 'பனோரமா' நிகழ்ச்சி ஒரு மோசடியை அம்பலப்படுத்தியது. பிரிட்டனில் மாணவர் விசாவை நீட்டிக்க எழுதும் டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வில், சில மையங்களில் பேச்சுப் பகுதியை வேறு ஆட்கள் பேசிக் கொடுக்கிறார்கள். மோசடி நிஜம். அரசு தேர்வு நிறுவனத்திடம் கேட்டது. நிறுவனம் தன்னிடமிருந்த ஒலிப்பதிவுகளைக் குரல் அடையாள மென்பொருளில் போட்டு, மனிதர்களையும் வைத்துக் கேட்டது. 2011 முதல் 2014 வரை அங்கே நடந்த தேர்வுகள் 58,458. அதில் 58 சதவீதம் செல்லாது, 39 சதவீதம் சந்தேகத்துக்குரியது என்றார்கள். கூட்டினால் 97 சதவீதம்.

நூறு பேரில் மூணு பேர்தான் சுத்தம்! ஒரு நாட்டில் நடந்த தேர்வு முழுக்க இப்படி இருக்குமா? அந்தக் கேள்வியைக் கேட்பதற்குள் ஆயிரக்கணக்கானோரின் விசா ரத்தானது. பலர் இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான் மாணவர்கள். படிப்பு பாதியில். பலருக்கு நாட்டுக்குள் இருந்தபடியே மேல்முறையீடு செய்யவும் வழியில்லை. பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2019இல் இதை ஆராய்ந்தது. மோசடி பரவலாக நடந்தது உண்மை. ஆனால் அந்த ஆதாரத்தை அரசு போதிய அளவு சோதிக்காமல் எடுத்துக்கொண்டது, தப்பு செய்யாதவர்களும் சிக்கியிருக்கலாம் என்றது. பல மாணவர்கள் நீதிமன்றத்தில் வருஷக்கணக்கில் போராடி ஜெயித்தார்கள்.

என்ன நடந்திருக்குன்னு பாருங்க. "நீ என்ன சொல்ல வர்றே?" என்று கேட்பதற்காக வைத்த ஒலிப்பதிவு, "நீ யார்?" என்ற கேள்விக்குச் சாட்சியாக மாறியது. நல்லா ஆங்கிலம் பேசுற மாணவரும் நீதிபதி முன்னால் நின்னு, அது என் குரல்தான்னு நிரூபிக்க வேண்டிய நிலைமை. யோர்தான் ஆற்றங்கரையும் 1901இன் டிக்டேஷனும் எனக்கு ஞாபகம் வந்தது அங்கேதான். பேச்சுத் தேர்வு ஒரு எல்லைச்சாவடியில் நிற்கிற வரைக்கும் அந்தப் பழைய கேள்வி பக்கத்திலேயே நிற்கும்னு நினைக்கிறேன்.

இன்னொரு பாதையும் இருக்கு, அதையும் சொல்லணும். 1980களின் கடைசியில் ஆஸ்திரேலியாவில் டிம் மெக்நமாரா என்ற மொழியியலாளர், வெளிநாட்டிலிருந்து வரும் டாக்டர், நர்ஸ்களுக்கான ஓஇடி தேர்வை வடிவமைத்தார். வேலையில் என்ன பேசுகிறார்களோ அதையே தேர்வில் வைத்தார். எதிரில் இருப்பவர் நோயாளியாக நடிப்பார், நீங்க நர்ஸாவே இருக்கலாம். டிக்டேஷன் வைத்து ஆட்களைத் திருப்பி அனுப்பிய அதே நாட்டில், அந்தச் சட்டம் ஒழிந்து முப்பது வருஷத்துக்குள். இங்கிலாந்தின் நர்ஸ் பதிவுக்கும் இப்ப அது செல்லும். அக்காவிடம் சொன்னேன். "இதுக்கு ஏற்கெனவே பணம் கட்டியாச்சுடா, இதை முடிச்சுட்டுப் பார்ப்போம்"னாங்க.

அடுத்த வாரம் அவங்களுக்குத் தேர்வு. இந்த அத்தியாயம் வெளிவரும்போது எழுதி முடிச்சிருப்பாங்க, ரிசல்ட் வந்திருக்காது. கடைசிப் பயிற்சியில் நான் முகத்தை உர்ருன்னு வெச்சுக்கிட்டு இரண்டாவது நிமிஷத்தில் "தேங்க் யூ"ன்னேன். இந்தத் தடவை அக்கா கலங்கல. பேனாவை மேஜையில் வெச்சுட்டு, நேரா என்னைப் பார்த்து அடுத்த கேள்விக்குக் காத்திருந்தாங்க.

உங்களில் யாராவது அந்த அறைக்குள் போய் வந்திருந்தா, என்ன நடந்ததுன்னு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. எந்த மொழியில வேணும்னாலும் பேசுங்க. இங்கே யாரும் நம்பர் போட மாட்டோம்.